ஸ்லாப் சும்மாதானே கெடக்கு மொதலாளி

நம்ம டவுன் கடைவீதியில மாடி கட்டி வச்சிருக்கிற மொதலாளிமார் எல்லாருக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன். மூணையும் சொல்லிட்டேன், கடைவீதியில மூணு சனமும் இருக்கீங்க, ஒருத்தர விட்டுட்டு எழுதினா பொறகு சந்தையில மூஞ்சி பாக்க ஏலாது.

உங்கள்ல பாதிப் பேருக்கு என் மூஞ்சி தெரியும், பேரு தெரியாது. ஞாயித்துக்கிழமை சந்தையில கருவாட்டுக் கடைக்கு எதிர்ப்பக்கம் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில சலாது (லெட்டூஸ் எலை), வல்லாரை, செல்தறி எல்லாம் கட்டுக் கட்டா வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன், "மருந்து அடிக்காத மரக்கறி"ன்னு அட்டையில பெயின்ட்டால எழுதி வச்சிருப்பேன், அந்த அட்டையப் பாத்துச் சிரிச்சிட்டுப் போன மொதலாளியும் இருக்கீங்க, சிரிச்சிட்டு ரெண்டு கட்டு வாங்கிட்டுப் போன மொதலாளியும் இருக்கீங்க. டவுன் பேர நான் இங்க எழுதல்ல, எழுதினா யாரச் சொல்றேன்னு எல்லாருக்கும் வெளங்கிரும், எனக்கு யாரோடயும் சண்ட பிடிக்கத் தேவையில்ல, உங்க கட்டிடத்து ஸ்லாப்பு, அதாவது மேல சும்மா கெடக்கிற மொட்டை மாடி பத்தி ஒரு விசயம் கேக்கத்தான் எழுதுறேன்.

நம்ம டவுன் சரிவுலதானே இருக்கு. கோயில் ரோட்டுல மேல ஏறி நின்னு கீழ பாத்தா உங்க எல்லார் கட்டிடத்து ஸ்லாப்பும் விரிச்ச பாய் மாதிரி தெரியும். போன மாசம் பஸ்ஸுக்கு நின்ன நேரம் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிப் பாத்தேன், கடைவீதியில மட்டும் 41. அதுல ரெண்டுல உடுப்பு காயுது, ஒண்ணுல நாயக் கட்டியிருக்கு, மத்ததுல எல்லாம் கறுப்புத் தாங்கி ஒண்ணும், அடுத்த மாடி கட்டுவோம்னு நீட்டி விட்ட கம்பியும்தான். கம்பியில தண்ணி எறங்காம இருக்க பிளாஸ்டிக் போத்தலக் கவுத்து வச்சிருக்கீங்க, அந்தப் போத்தலும் வெயில்ல வெளிறி வெடிச்சிருச்சு, மாடி மட்டும் இன்னும் வரல்ல. நான் கேக்குறது இதுதான், அந்த மாடி வர்ற வரைக்கும் ஸ்லாப்ப எங்களுக்கு வாடகைக்குத் தாங்க, மரக்கறி போடுறதுக்கு.

எங்களுக்குன்னா நானும் இன்னும் அஞ்சு பொம்பளைங்களும், ஏ.எல். முடிச்சிட்டு வேல தேடித் திரியிற பொடியன் ஒருத்தனும். எல்லாரும் டவுன சுத்தி இருக்கிற தேயிலைத் தோட்டத்து ஆக்கள்.

இந்த "தோட்டம்"ங்கிற சொல்லப் பாருங்க. யாழ்ப்பாணத்துல ஒருத்தர் "எனக்கு தோட்டம் இருக்கு"ன்னா அவருக்கு வெங்காயமோ மொளகாயோ போட்ட காணி இருக்குன்னு அர்த்தம். நம்ம பக்கம் "நான் தோட்டம்"னு சொன்னா எனக்கு ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம். தோட்டம் கம்பெனியோடது, நாங்க இருக்கிற லயம் (வரிசை வீடு) கம்பெனியோடது, வாசல்ல ரெண்டு பாத்தி கொச்சிக்கா போட்டாலும் அந்த மண்ணு கம்பெனியோடது. 2023ல நாங்க இந்தியாவுல இருந்து வந்து 200 வருசம்னு மேடையெல்லாம் போட்டுக் கொண்டாடினாங்க, நானும் போய்ப் பாத்தேன். புதுசா வீடு கெடச்ச ஆக்களுக்கு ஏழு பேர்ச்சுக் காணி (ஒரு பேர்ச்சுன்னா 272 சதுர அடி), அது கெடைக்காத நாங்க இன்னும் அதே லயத்துக் காம்பராவுல. அதனால மண்ணு இல்லாதவங்க மரக்கறி போடணும்னா மண்ணத் தூக்கிக்கிட்டு மேலதான் ஏறணும், வேற வழி எனக்குத் தெரியல்ல.

நான் கட்டுநாயக்காவுல கார்மன்ட்ல ஒம்போது வருசம் இருந்தேன். 2022ல ஓடர் கொறஞ்சு, ஓவர்டைம் நின்னு, போர்டிங் காசு கட்டவே சம்பளம் போதாம பைய தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வருசம் ஞாபகம் இருக்குதானே, கேஸ் கியூ, மண்ணெண்ண கியூ, அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமையில லீவு குடுத்து வீட்டுத் தோட்டம் போடச் சொன்னாங்க. எங்களுக்கு லீவும் இல்ல போட எடமும் இல்ல. அப்பதான் டவுன்ல ஒரு மொதலாளி தன்னோட ஸ்லாப்ப மாசம் 5,000 ரூபாய்க்குத் தந்தாரு, 2023 தை மாசம். 22 அடிக்கு 38 அடி. பேர்ச்சுக் கணக்குல கிட்டத்தட்ட மூணு பேர்ச்சு. எங்க அம்மா 35 வருசம் கொழுந்து எடுத்தவ, படி ஏறி வந்து அந்த ஸ்லாப்ப சுத்திப் பாத்துட்டு "இது பூராவுமாடி நமக்கு?"ன்னு கேட்டா. இத எழுதுறப்பவும் அது காதுல கேக்குது.

20 மாசம் அங்க செஞ்சோம். பொறகு ஒரு திங்கக்கெழம வந்து அடுத்த ஞாயிறுக்குள்ள எல்லாத்தையும் எறக்கணும்னு சொன்னாரு, மகன் மேல மாடி எழுப்பப் போறானாம். சரி அவங்க கட்டிடம், கட்டட்டும். ஆனா 240 பையில பாதி அறுவடைக்கு ரெண்டு கெழமை இருக்கு, ஒரு ரெண்டு கெழமை தாங்கன்னு கேட்டும் ஏலாதுன்னுட்டாரு. எங்ககிட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்ல, வாய்ப்பேச்சுதான். செல்தறியையும் ஸ்ட்ராபெரியையும் வேரோட பிடுங்கி ஓட்டோவுல ஏத்தினோம், 90 பை மட்டும் உசிரோட லயத்துக்கு வந்துச்சு. அந்த ஸ்லாப்புல இன்னைக்கு வரைக்கும் ஒரு கல்லு வைக்கல்ல, அத நான் மேல் ரோட்டுல இருந்து பாக்குறேன். அவரு பேரச் சொல்ல மாட்டேன், 20 மாசம் தந்தாரே அதுக்கு நன்றியும் இருக்கு, கோபமும் இருக்கு, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு.

அதுக்குப் பொறகு நான் எட்டு மொதலாளிமார்கிட்ட போய்க் கேட்டுட்டேன். எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் சொன்னீங்க. ஸ்லாப் தாங்காது, தண்ணி ஊறும், கொசு வரும், வீட்டுக்குள்ளால ஆக்கள் போய் வர ஏலாது. இதுல மூணுக்கு என்கிட்ட பதில் இருக்கு, நாலாவதுக்கு பாதிதான் இருக்கு.

பாரத்துல இருந்து வாறேன், ஏன்னா அதுதான் நியாயமான பயம். ஸ்லாப் பூரா ஆறு அங்குலத்துக்கு மண்ணக் கொட்டிப் பாத்தி கட்டினா என்ன ஆகும்? நான் வச்சிருந்த அந்த மூணு பேர்ச்சு ஸ்லாப் கிட்டத்தட்ட 78 சதுர மீற்றர், அதுல ஆறு அங்குல ஈர மண்ணுன்னா 18, 19 டொன் வரும். ஒரு சதுர மீற்றருக்கு 240 கிலோ. சாதாரண வீட்டு ஸ்லாப் மேல ஏறுற பாரத்த ஒரு சதுர மீற்றருக்கு 150, 200 கிலோன்னு கணக்குப் போட்டுத்தான் கட்டுறது. அப்ப மண்ணக் கொட்டவே கூடாது, அதுல நீங்க பயப்படுறது சரி. கொட்டச் சொல்லி யாராவது வந்தா வெரட்டி விடுங்க. நாங்க செஞ்சது வேற. தும்புச்சோறும் (தேங்காய் மட்டைத் தூள்) கொம்போஸ்ட்டும் கலந்து பையில நெரப்புறது, தும்புச்சோறு தண்ணிய பிடிச்சு வச்சிக்கும் ஆனா மண்ணு மாதிரி கனக்காது. தண்ணி ஊத்தி நனஞ்ச பை ஒண்ணு பத்து கிலோவுக்குள்ள. 240 பைக்கும் சேத்து 2,400 கிலோ, ஸ்லாப் பூரா பரவினா சதுர மீற்றருக்கு 31 கிலோதான். உங்க தலைக்கு மேல நிக்குதே ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி, நெறஞ்சா அது தனியா ஒரு டொன், அதுவும் ஒரே எடத்துல. அதுக்கு பயப்படாத ஆளு என்னோட சலாதுக்கு பயப்படுறாரு. அதுலயும் நாங்க பைகள நடு ஸ்லாப்புல குமிக்க மாட்டோம், கீழ பீம் எங்க போகுது, தூண் எங்க நிக்குதுன்னு கேட்டு அந்தக் கோட்டோட வரிசை வைப்போம். ஆனா ஒண்ணு, கணக்கே போடாம மேசன் பாஸ் கண்ணளவுல கட்டிக்குடுத்த ஸ்லாப்பும் நம்ம டவுன்ல இருக்கு, அடியில வெடிப்பு ஓடியிருந்தாலோ கம்பி தெரிஞ்சாலோ எங்களுக்கு அந்த ஸ்லாப் வேணாம், நீங்களும் முதல்ல ஒரு டீ.ஓ.வ (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) கூட்டிட்டு வந்து காட்டுங்க. மண்சரிவு அபாயம்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன எடத்துல இருக்கிற கட்டிடத்துக்கும் நாங்க வர மாட்டோம்.

தண்ணி ஊறுறது பத்தி. ஸ்லாப் ஊறுறது செடியால இல்ல, நிக்கிற தண்ணியால. எல குப்ப போய் தண்ணி போற பைப்ப அடைச்சிக்கிச்சுன்னா மழைத் தண்ணி குளம் மாதிரி நின்னு எங்க ஒரு மயிர்வெடிப்பு இருக்கோ அங்கால எறங்கும், இப்ப ஆளே ஏறாத உங்க ஸ்லாப்புல அதுதான் நடக்குது, கடைசியா எப்ப ஏறிப் பைப்பு வாய்க்குள்ள கைய விட்டுப் பாத்தீங்க? நாங்க பைய ஸ்லாப்புல நேரா வைக்கிறதில்ல, கல்லு அடுக்கி அதுக்கு மேல பலகை, அதுக்கு மேலதான் பை, கீழால காத்தும் போகும் வெளக்குமாறும் போகும். ஒவ்வொரு நாளும் காலையில கூட்டுவோம். வர்றதுக்கு முன்ன ஒரு சோதனை செய்யலாம், பைப்பு வாயத் துணியால அடைச்சு ரெண்டு அங்குலத்துக்கு தண்ணி கட்டி ஒரு நாள் பூரா விட்டுட்டு கீழ சீலிங்கப் பாருங்க. ஈரம் தெரிஞ்சா அது எங்களுக்கு முன்னாலேயே இருந்த ஈரம். தெரியல்லன்னா பொறகு வர்றது எங்க பொறுப்பு. இந்தச் சோதனைய ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு செஞ்சு கையெழுத்துப் போட்டுக்குவோம்.

கொசு விசயத்துல பேச ஒண்ணுமில்ல, கொசு பெருக விடக் கூடாதுன்னு 2007லயே சட்டம் இருக்கு, பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து புழுவக் கண்டா எங்களுக்கும் கேஸ் வரும். பைக்குக் கீழ தட்டு வைக்க மாட்டோம், தண்ணி பிடிக்கிற பரல் எல்லாத்துக்கும் வலை கட்டுவோம், முடிஞ்சு.

நாலாவதுதான் கஷ்டம். கனபேர் ஸ்லாப்புக்குப் போற படி வீட்டுக்குள்ளாலதான் போகுது. வயசுப் புள்ளைங்க இருக்கிற வீட்டுல வெளியாள் போய் வர்றது யாருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. நாங்க ஆறு பேரும் பொம்பளைங்க, காலையில ஆறுல இருந்து எட்டு, பின்னேரம் நாலுல இருந்து அஞ்சரை, அந்த நேரத்துக்கு மட்டும்தான் வருவோம், பொடியன் சாமான் ஏத்துற அன்னைக்கு மட்டும். அப்படியும் சரிவராத வீடு இருக்கும், அங்க பின் பக்கத்துல இரும்புப் படி ஒண்ணு போட்டா முடியும், அந்தச் செலவ வாடகையில கழிச்சிக்கலாம். ஆனா நான் போன எட்டு எடத்துல ரெண்டு எடத்துல படி பிரச்சினை இல்ல. "தோட்டத்து ஆக்கள மேல ஏத்தினா பொறகு எறக்க ஏலாது"ன்னு உள்ளுக்குள்ள பேசினது வாசல்ல நின்ன எனக்குக் கேட்டுச்சு. உங்க கடையில சாமான் வாங்குறது தோட்டத்து ஆக்கள்தானே, சம்பள நாளைக்கு அடுத்த நாள் கடைவீதி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா. அதுக்கு மேல இதப்பத்தி எழுத எனக்கு மனசு இல்ல.

இனி யாவாரம். இதுல கோடி வரும்னு யாராவது சொன்னா நம்ப வேணாம். போட்ட காசு 185,000, அதுல பெரும்பங்கு பொலித்தீன் கூரைக்கும் வலைக்கும் பைப்புக்கும் போச்சு, சீட்டுக் காசும் காதுத்தோடும் தான் மூலதனம். முதல் மூணு மாசம் சுத்த நட்டம். தும்புச்சோற கழுவாம நெரப்பினதால உப்புல நாத்தெல்லாம் நுனி கருகிச்சு, பொறகுதான் மூணு தண்ணியில கழுவணும்னு 1920க்கு போன் பண்ணிக் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன் (அந்த விவசாயத் திணைக்கள நம்பர் இன்னும் வேல செய்யுது, எடுத்துப் பேசுங்க). ஆனி மாசத்துல ஆசைப்பட்டு தக்காளி போட்டேன், மேல்மழையும் மிஸ்ட்டும் நாலு நாள் மூடிக் கெடந்துச்சு, உருளைக்கிழங்குக்கு வர்ற அதே கருகல் வந்து மூணு நாள்ல 40 செடி போச்சு. கோவா போட்டா பச்சப் புழு எலைய சல்லடையாக்குது, கரட்டும் லீக்ஸும் மூணு மாசம், அஞ்சு மாசம்னு பைய பிடிச்சிக்கிட்டு இருக்கும், அதுக்கு நுவரெலியாவுல ஏக்கர் கணக்குல போடுற ஆக்களோட வெலையில மோத ஏலாது. கடைசியா வெளங்கினது என்னன்னா ஸ்லாப்புல எலைதான் யாவாரம். சலாது நட்டு ஒரு மாசத்துல இருந்து வெளி எலைய ஒடிச்சிக்கிட்டே இருக்கலாம், வல்லாரை வெட்ட வெட்ட வரும், செல்தறி, வெங்காயத்தாள், கொத்தமல்லி, மின்ட், இதெல்லாம் காலையில பறிச்சு பதினொரு மணிக்குள்ள குடுத்தா அதோட மவுசே வேற. ரெண்டு ஹோட்டல், மூணு ஹோம்ஸ்டே, ஸ்கூல் டீச்சர்மார் கொஞ்சம் பேர், சந்தை. ஸ்ட்ராபெரி வெட்டின பைப்புல தொங்க விட்டோம், வெள்ளக்கார டூரிஸ்ட் வந்தா அவங்க போட்டோ எடுக்கத்தான் ஹோம்ஸ்டே அக்கா வாங்குவாங்க, சாப்பிட இல்ல.

ஆறாவது மாசத்துல இருந்து மாசம் 45,000 பக்கம் வித்தோம். வாடகை, வெத, பசளை, பஸ் காசு, பேக் எல்லாம் கழிச்சு 29,000 மிஞ்சும், ரெண்டு பேருக்கு. தேயிலை மலையில பேரு (ஒரு நாள் வேல) போட்டா 2024ல வந்த கெசட் கணக்குப்படி அப்ப ஒரு நாளைக்கு 1,350, மாசம் 25 பேரு விழுந்தா 33,750. பக்கத்துல வச்சுப் பாத்தா நம்ம கணக்கு சின்னதுதான். ஆனா இது அரை நாள் வேல, அட்டை கடிக்காது, கொழுந்து நெறுக்க ஆள் இல்ல, புள்ளய ஸ்கூலுக்கு விட்டுட்டுப் போகலாம். ஒரு ஸ்லாப்புக்குப் பதிலா மூணு ஸ்லாப் பக்கத்துப் பக்கத்துல இருந்தா ஒரே கொம்போஸ்ட், ஒரே நாத்துமேடை, ஒரே ஓட்டோ, அப்ப கணக்கு வேற மாதிரி வரும், அதனாலதான் உங்க எல்லாருக்கும் சேத்து எழுதுறேன்.

"சேதனம்", அதாவது ரசாயனம் போடாத விவசாயம்னு சொன்னா நம்ம பக்கத்துல ஆக்கள் வயித்துல அடிச்சிக்குவாங்க, எனக்குத் தெரியும். 2021 மே மாசத்துல ஒரே கெசட்டுல ரசாயனப் பசளை, மருந்து எல்லாத்தையும் நிப்பாட்டினாங்க, நவம்பர்ல திரும்ப விட்டாங்க, அந்த எடையில மரக்கறிக்காரன், நெல்லுக்காரன், தேயிலைக்காரன் எல்லாருக்கும் முதுகெலும்பு ஒடிஞ்சிச்சு. சீனாவுல இருந்து வந்த சேதனப் பசளைக் கப்பல எடுக்காம விட்டு, பொறகு அதுக்குக் காசும் குடுத்த கத வேற. ஏக்கர் கணக்குல லீக்ஸ் போட்டவன்கிட்ட நாளைக்கு இருந்து யூரியா இல்லன்னு சொல்றது வேற, 240 பை வச்சிருக்கிறவ கொம்போஸ்ட் போடுறது வேற. எனக்கு வேணும்ங்கிற பசளை இந்த டவுனுக்குள்ளேயே அழுகிக் கெடக்கு. சந்தையில கழிக்கிற கோவா எல, தேத்தண்ணிக் கடை சாயத்தூள், சலூன் முடி கூட. ரோட்டோரத்துல மஞ்சளா பூத்துக் கெடக்கே காட்டு சூரியகாந்தி, அத வெட்டிப் போட்டா குமியல் சூடேறிரும், சத்தும் நெறைய. இல்லாட்டி நம்ம குளிருக்கு கொம்போஸ்ட் மக்குறதுக்கு நாலு மாசம் எடுக்கும், கறுப்புப் பொலித்தீனால மூடித்தான் வைக்கணும். பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சவர்க்காரமும், வேம்பு நம்ம குளிருல வராது, யாழ்ப்பாணத்துல தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கிட்ட சொல்லி பஸ்ஸுல எடுப்பேன். நத்தைக்கு நாங்க மருந்து போடுறதில்ல, ராத்திரி டோர்ச் அடிச்சுக் கையால பொறுக்கணும். "ஓர்கானிக்"னு லேபிள் ஒட்ட சான்றிதழ் வேணும், எஸ்.எல்.எஸ். 1324ன்னு தரமே இருக்கு, அந்தச் செலவு இப்ப எங்களுக்கு ஏலாது, அதனாலதான் அட்டையில அந்தச் சொல்ல எழுதாம மருந்து அடிக்காததுன்னு எழுதியிருக்கேன், அடிக்கல்லதானே.

கொரங்கு பத்தி எழுதாம விட்டா பொய் சொன்ன மாதிரி ஆகிரும். 2025 மார்ச் 15 காலையில எட்டு மணிக்கு அஞ்சு நிமிசம் நாடு பூரா கொரங்கு, மயில், மரஅணில் எண்ணினாங்களே, அன்னைக்கு எங்க லயத்துக் கூரையில பதினாலு. எட்டு அஞ்சுக்குப் பொறகு இன்னும் இருபது வந்துச்சு, அதுகளுக்கு கெசட் தெரியாது. ஸ்லாப்புலயும் இதே கததான், நாலு பக்கமும் மேலயும் வலை இல்லாம ஒரு ஸ்ட்ராபெரி மிஞ்சாது. வலை கட்டுறது எங்க செலவு, அதுல உங்களுக்கு ஒரு லாபம், உங்க தாங்கி மூடியத் தொறந்து கொரங்கு குளிக்கிறதும் நின்னுரும். குளிக்குது, நான் கண்ணால பாத்திருக்கேன், யார் வீட்டுத் தாங்கின்னு கேக்காதீங்க. ஆடிக் காத்துக்கு பொலித்தீன் கூரை பறக்கும்னு ஒரு மொதலாளி கேட்டாரு, நல்ல கேள்வி, முதல் வருசம் பறந்துச்சு, பக்கத்து பேக்கரிக் கூரையில போய் விழுந்துச்சு. ரெண்டாவது வருசம் கூரைய ஆறடிக்கு மேல ஒசத்தாம, ரெண்டு பக்கத்தையும் சுருட்டி விடுற மாதிரி செஞ்சு, காத்து உள்ளால போக விட்டோம், நின்னுச்சு.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்ப நம்ம டவுன் எத்தன நாள் மூடிக் கெடந்துச்சு, மேலயும் மண் சரிவு கீழயும் மண் சரிவு. அத யாவாரத்துக்கு உதாரணமா எழுத எனக்கு கூச்சமா இருக்கு, எத்தனையோ வீட்டுல சாவு. ஆனா அந்தக் கெழமையில சந்தையில பச்சையா ஒரு எல இல்லாம இருந்துச்சுதானே. நாங்க மரக்கறி வெளையிற மலையில இருக்கோம், வெளஞ்சது லொறியில தம்புள்ளைக்குப் போய் வெல போட்டுத் திரும்ப நம்ம கடைக்கு வருது, 2024 ஆரம்பத்துல கரட் கிலோ ஆயிரம் ரூபாயத் தாண்டினப்ப கரட் மலைக்குக் கீழ இருந்துக்கிட்டு நாங்க கரட் இல்லாம சமைச்சோம். புயல் கெழமையில லயத்து வாசல்ல மிஞ்சியிருந்த அந்த 90 பைல இருந்து வல்லாரையும் கீரையும் வெட்டி, கோயில் மடத்துல தங்கியிருந்த ஆக்களுக்கு அண்டாவுல போட்டோம். ரெண்டு நாளைக்குத்தான் வந்துச்சு. மூணாவது நாள் மொட்டையா நின்ன பையப் பாத்துக்கிட்டு நின்னேன், அந்த 240ம் இருந்திருந்தா இன்னும் எத்தன நாள் ஓடியிருக்கும்னு கணக்குப் போட்டுக்கிட்டு.

சரி, நாங்க தர்றது. மாசம் 6,000ல இருந்து 8,000 வரைக்கும், ஸ்லாப் பருமனப் பாத்து, மூணு மாசம் முன்பணம். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் வீட்டுக்கு ஒரு பை எலைக்கறி, அது வாடகையில சேராது. தண்ணி உங்க பைப்புல எடுக்க மாட்டோம், 78 சதுர மீற்றர்ல ஒரு மில்லிமீற்றர் மழை பெஞ்சா 78 லீற்றர், 50 மில்லிமீற்றர் பெஞ்ச நாளைல 3,900 லீற்றர், நம்ம ஊர் மழைக்கு பரல் தான் காணாது. மாசி பங்குனியில மட்டும் தண்ணி தட்டுப்பாடு வரும், அப்ப எடுத்தா மீற்றர் பாத்து காசு. நாங்க கேக்குறது ஒரு கடதாசி. ஒரு மாசத்துக்கு மேல குத்தகைன்னா நொத்தாரிசுக்கு (பத்திரம் எழுதுற சட்டத்தரணி) முன்னால எழுதினாத்தான் செல்லும்னு இப்பதான் தெரிஞ்சிக்கிட்டேன், இது 1840ல வந்த சட்டமாம், எனக்குத் தெரிய வர 180 வருசத்துக்கு மேல எடுத்திருக்கு. ரெண்டு வருசத்துக்கு எழுதுவோம், நொத்தாரிசு காசு பாதி பாதி. நடுவுல உங்களுக்கு மாடி கட்டணும்னா தாராளமா கட்டுங்க, மூணு மாசம் முன்னாடி சொல்லுங்க, நட்டது வெட்டுறதுக்கு அது போதும். பிரதேச செயலகத்துல யாவாரப் பேர் பதியிறதுக்கும் எடம் எங்கன்னு காட்டணும், கிராம சேவகர் கேக்குறாரு, "லயத்து வாசல்"னு எழுதினா அவரு பேனாவ மூடி வைக்கிறாரு.

நகர சபைக்கு தனியா ஒரு கடிதம் எழுதணும், சந்தைக் குப்பையில எலைய வேற பிரிச்சுத் தாங்கன்னு, அத இதுக்குள்ள போட்டா நீளும்.

மழை இன்னும் ரெண்டு மாசத்துல தொடங்கும். அதுக்கு முன்ன பை ஏத்தி, கூரை போட்டு, நாத்து விட்டாகணும், நாத்துக்கு மட்டும் மூணு, நாலு கெழமை. 41 பேர்ல மூணு பேர் சம்மதிச்சாப் போதும். கடைக்கு வந்து பேசினா உங்களுக்கு யாவாரம் கெடும், அதனால நான் வரல்ல, ஞாயித்துக்கெழம சந்தையில கருவாட்டுக் கடைக்கு எதிர்ல இருப்பேன், கட்டு ஒண்ணு வாங்குற மாதிரி வந்து உங்க ஸ்லாப் எத்தன அடிக்கு எத்தன அடி, படி எந்தப் பக்கம், அத மட்டும் சொல்லிட்டுப் போங்க. அளவு டேப்பு என் பைக்குள்ளதான் இருக்கு.

இப்படிக்கு,
சலாதுக்காரி